மாலத்தீவு ரிசார்ட் பயணம்: எதை முதலில் முடிவு செய்வது, எதைக் கடைசியில் பதிவு செய்வது

மாலத்தீவுக்கு மூன்று முறை போய்வந்திருக்கிறேன். சொந்தக்காரர்கள், நண்பர்கள் என்று அதைவிட அதிகமான பேருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பயணத் திட்டம் போட்டுக் கொடுத்திருக்கிறேன். முதல்முறை போகிறவர்கள் தடுமாறுவது பெரும்பாலும் ஒரே இடத்தில்தான். மலிவாக விமான டிக்கெட் கிடைத்ததும் வாங்கிவிடுகிறார்கள். பிறகு படத்தில் அழகாகத் தெரியும் ஒரு வில்லாவைப் பதிவு செய்கிறார்கள். விமான நிலையத்திலிருந்து அந்தத் தீவுக்கு எப்படிப் போவது என்று அதற்கப்புறம்தான் கேட்கிறார்கள்.

மாலத்தீவில் ஒரு ரிசார்ட் என்பது ஒரு தனித் தீவு. உள்ளே போய்விட்டால் சாப்பாடு, படகு, மருந்து எல்லாம் அந்தத் தீவில் கிடைப்பதுதான். பக்கத்துத் தெருவில் வேறு கடை பார்த்துக்கொள்ளலாம் என்ற பேச்சே இல்லை. அதனால் இங்கே முடிவுகளின் வரிசை முக்கியம். நான் சொல்லும் வரிசை: தேதி, போகும் வழி, தீவு, அறை, சாப்பாடு, முழுக் கணக்கு. விமான டிக்கெட் இவை எல்லாவற்றுக்கும் பிறகு.

1. தொடங்கும் முன்

எல்லோருடைய பாஸ்போர்ட்டையும் எடுத்துப் பாருங்கள். பயண நாளிலிருந்து ஆறு மாதமாவது செல்லுபடி இருந்தால் விமான நிறுவனக் கவுண்டரில் பேச்சு வராது. குழந்தையின் பாஸ்போர்ட் ஐந்து ஆண்டில் முடிந்துவிடும் என்பதைப் பெற்றோர் அடிக்கடி மறந்துவிடுகிறார்கள்.

சுற்றுலா விசா அங்கே இறங்கியதும் கட்டணம் இல்லாமல் தருகிறார்கள். திரும்பி வரும் டிக்கெட்டும், தங்குமிடம் உறுதியான கடிதமும் கையில் இருக்க வேண்டும். இரண்டையும் காகிதத்திலும் எடுத்துக்கொள்ளுங்கள். வரிசையில் நிற்கும்போது போன் சார்ஜ் போனால் அந்தக் காகிதம்தான் துணை.

வெளிநாட்டில் செலவு செய்ய வங்கி அட்டையைத் திறந்துவிட்டிருக்கிறீர்களா, ஒரு நாளைக்கு எவ்வளவு வரம்பு என்று இப்போதே பார்த்துவிடுங்கள். ரிசார்ட் கணக்கு டாலரில்தான் ஓடும்.

2. தேதியை முடிவு செய்தல்

டிசம்பர் முதல் ஏப்ரல் வரை வடகிழக்குப் பருவக்காற்று. மழை குறைவு, கடல் அமைதி, விலை அதிகம். மே முதல் அக்டோபர் வரை தென்மேற்குக் காற்று. மழை, அலை, காற்று மூன்றும் கூடும், விலை நன்றாக இறங்கும். நவம்பர் இரண்டுக்கும் நடுவில்.

மழைக்காலம் என்றதும் தள்ளிவிட வேண்டாம். பா அடோலில் (அடோல் என்பது வளையமாக அமைந்த தீவுக்கூட்டம்) உள்ள ஹனிஃபாரு விரிகுடாவுக்கு மாண்டா திருக்கைகள் கூட்டமாக வருவது மே முதல் நவம்பர் வரைதான். அந்தக் காலத்து நீரோட்டம், கடலில் மிதந்து திரியும் நுண்ணுயிரிகளை அந்த விரிகுடாவுக்குள் தள்ளிச் சேர்க்க, அதைத் தின்ன அவை வருகின்றன. மாண்டா பார்க்க வேண்டும் என்பவர் ஜனவரியில் போனால் விலையும் அதிகம், ஹனிஃபாருவில் அந்தக் கூட்டமும் இருக்காது. உங்களுக்கு எது முக்கியம் என்று முதலில் வீட்டில் பேசுங்கள்: வெயிலும் அமைதியான கடலுமா, கடலுக்குள் இருப்பவையா?

கிறிஸ்துமஸ், புத்தாண்டு நாட்களில் பல ரிசார்ட்டுகள் விருந்துக் கட்டணம் என்று தனியாக ஒன்றைக் கட்டாயமாகச் சேர்க்கும். நீங்கள் அந்த விருந்துக்குப் போகாவிட்டாலும் கட்ட வேண்டும். அந்த வாரத்தில் பதிவை ரத்து செய்தால் பணம் திரும்புவதும் கடினம். ஜனவரி நடுவில் போனால் அதே வெயில், அதே கடல், கையில் மிச்சம்.

3. தீவுக்குப் போகும் வழி

பயணத்தையே தீர்மானிக்கும் படி இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். எல்லா வெளிநாட்டு விமானங்களும் பெரும்பாலும் இறங்குவது தலைநகர் மாலேவுக்குப் பக்கத்தில் ஹுல்ஹுலே தீவில் இருக்கும் வெலானா விமான நிலையத்தில். அங்கிருந்து ரிசார்ட்டுக்கு மூன்று வழிகள் உண்டு.

ஸ்பீட் படகு. வட மாலே, தென் மாலே அடோல்களில் இருக்கும் தீவுகளுக்கு இதுவே வழக்கம். பத்து நிமிடத்திலிருந்து ஒரு மணி நேரம் வரை ஆகலாம். இருட்டிய பிறகும் ஓடும். மூன்றில் மலிவும் இதுதான். மாலை விமானத்தில் இறங்குபவர்கள், நான்கே நாள் இருப்பவர்கள், சின்னக் குழந்தையோடு வருபவர்கள் எல்லோருக்கும் நான் முதலில் சொல்வது இதைத்தான்.

கடல் விமானம். தொலைவில் உள்ள அடோல்களுக்குப் போவது. பதினைந்து பேர் உட்காரக்கூடிய ட்வின் ஆட்டர் விமானம், சக்கரத்துக்குப் பதில் மிதவைகள். பகல் வெளிச்சத்தில் மட்டுமே பறக்கும், ஏனென்றால் தண்ணீரில் இறங்க விமானி கண்ணால் பார்த்தாக வேண்டும். இந்த ஒரு விதி தெரியாமல்தான் பலருடைய முதல் நாள் வீணாகிறது. கடைசி விமானம் மாலை நான்கு மணியை ஒட்டிக் கிளம்பிவிடும். என் மைத்துனர் குடும்பம் ஐந்தரைக்கு இறங்கியது. ரிசார்ட்டுக்கு அன்றைய இரவுக்கான பணமும் போனது, விமான நிலையத்துக்குப் பக்கத்தில் உள்ள ஹுல்ஹுமாலேயில் ஓர் அறைக்குத் தனியாகவும் கொடுத்தார்கள்.

அதனால் கடல் விமானம் என்றால் வெளிநாட்டு விமானம் பிற்பகல் மூன்று மணிக்குள் தரையிறங்க வேண்டும். திரும்பும் நாளில் காலை பத்து மணிக்கு முன் கிளம்பும் விமானம் வேண்டாம். தவிர்க்க முடியாவிட்டால், முதல் இரவையோ கடைசி இரவையோ ஹுல்ஹுமாலேயில் போட்டுவிட்டு ரிசார்ட்டில் ஓர் இரவு குறைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று: கடல் விமானத்தில் பெட்டி ஒருவருக்கு 20 கிலோ, கைப்பை 5 கிலோ. அதற்கு மேல் கிலோவுக்குக் காசு. வெளிநாட்டு விமானத்தில் 30 கிலோ அனுமதி இருக்கிறதே என்று நிரப்பிக்கொண்டு வருபவர்கள் இங்கே மாட்டிக்கொள்வார்கள்.

உள்நாட்டு விமானமும் படகும். பா அடோலுக்குத் தரவந்தூ, தெற்குக் கோடிக்குக் கன் என்று சிறு விமான நிலையங்கள் உண்டு. அங்கே இறங்கி ஸ்பீட் படகில் மிச்ச தூரம். கடல் விமானம் தரும் காட்சி இதில் கிடையாது. ஆனால் இரவிலும் பறக்கும், பல நேரம் விலையும் குறைவு. மாலை நேர வருகைக்கு, தொலைவான தீவே வேண்டும் என்றால், இந்த வழி இருக்கிறதா என்று ரிசார்ட்டிடம் கேளுங்கள். பல ரிசார்ட்டுகள் கேட்டால்தான் சொல்லும்.

கடல் விமானத்துக்கு ஒருவருக்குப் போக வர 400 முதல் 700 டாலர் வரை ஆவது சாதாரணம். அறை விலைப்பட்டியலில் இது பெரும்பாலும் இருக்காது.

4. தீவைத் தேர்ந்தெடுத்தல்

வழி முடிவானதும் தேட வேண்டிய தீவுகள் பாதியாகக் குறைந்துவிடும். இப்போது கேட்க வேண்டிய ஒரே கேள்வி: பவளப்பாறை கரையிலிருந்து எவ்வளவு தூரம்?

கரையிலிருந்து நீந்திப் போய்விடக்கூடிய பவளப்பாறையை அங்கே ஹவுஸ் ரீஃப் என்கிறார்கள். அது 30, 40 மீட்டரில் இருந்தால் காலையில் எழுந்து முகமூடியை மாட்டிக்கொண்டு இறங்கினாலே ஆமை, சின்னச் சுறா எல்லாம் பார்க்கலாம், செலவே கிடையாது. பாறை தொலைவில் இருந்து, தீவைச் சுற்றி வெளிர்நீல மணல்பரப்பாக லகூன் மட்டும் இருந்தால், படத்துக்கு அது மிக அழகு, குழந்தைகள் விளையாடவும் நல்லது. ஆனால் மீன் பார்க்க ஒவ்வொரு முறையும் படகுக்குப் பணம் கட்ட வேண்டும்.

இதைக் கண்டுபிடிக்க வரைபடத்தில் செயற்கைக்கோள் படத்தைத் திறந்து தீவைப் பெரிதாக்குங்கள். வெளிர்நீலம் திடீரென்று கருநீலமாக மாறும் கோடுதான் பாறையின் விளிம்பு. அந்தக் கோட்டுக்கும் மணலுக்கும் நடுவே உள்ள தூரத்தை அளந்துவிடலாம். விளம்பரப் படம் எதுவும் இதைவிட உண்மை சொல்லாது.

திமிங்கலச் சுறா பார்க்க ஆசை என்றால் தென் அரி அடோல் பக்கம் தேடுங்கள், அங்கே ஆண்டு முழுவதும் அவை உண்டு. 2016-லும் 2024-லும் கடல் சூடாகிப் பல இடங்களில் பவளம் வெளுத்துப்போனது. அதனால் ஹவுஸ் ரீஃப் பற்றிய பழைய விமர்சனங்களை நம்பாமல், சென்ற ஆறு மாதத்தில் போனவர்கள் எழுதியதை மட்டும் படியுங்கள்.

5. வில்லா: தண்ணீர் மேலா, மணல் மேலா

எல்லோருக்கும் தண்ணீர் மேல் இருக்கும் வில்லாதான் கனவு. ஐந்து இரவும் அதிலேயே இருப்பதை நான் பரிந்துரைப்பதில்லை. காற்றடிக்கும் நாளில் இரவு முழுக்க அடியில் அலை மோதும் சத்தம் கேட்கும். மதிய வெயிலில் மரப்பலகை காலைச் சுடும், நிழலுக்கு மரம் கிடையாது. மூன்று இரவு கரை வில்லா, கடைசி இரண்டு இரவு தண்ணீர் வில்லா என்று பிரித்துக் கேட்டால் பல ரிசார்ட்டுகள் ஒத்துக்கொள்கின்றன. செலவும் குறைகிறது.

சிறு குழந்தைகள் இருந்தால் கண்டிப்பாகக் கரை வில்லா. படிக்கட்டு இறங்கினால் நேராகக் கடல். சில ரிசார்ட்டுகள் குறிப்பிட்ட வயதுக்குக் கீழே உள்ள குழந்தைகளைத் தண்ணீர் வில்லாவில் அனுமதிப்பதே இல்லை. சில இடங்களில் பெற்றோரிடம் கையெழுத்து வாங்கிக்கொள்கிறார்கள்.

சூரியன் மறையும் பக்கத்து வில்லாவுக்குத் தனி விலை வைப்பார்கள். ஜூன் முதல் செப்டம்பர் வரை காற்று மேற்கிலிருந்து அடிப்பதால் அந்தப் பக்கம்தான் கடல் கொந்தளிக்கும். அந்த மாதங்களில் விலை குறைவான கிழக்குப் பக்கமே அமைதியாக இருக்கும்.

6. சாப்பாட்டுத் திட்டம்

காலை உணவு மட்டும், காலையும் இரவும், மூன்று வேளையும், எல்லாம் அடங்கியது என்று நான்கு வகை. வெளியே சாப்பிட வழியே இல்லாத தீவில் காலை உணவு மட்டும் எடுப்பது சிக்கனம் அல்ல. ஒரு மதிய உணவுக்கே இரண்டு பேருக்கு 80, 100 டாலர் போய்விடும்.

மது அருந்தாத குடும்பத்துக்குக் காலையும் இரவும் அடங்கிய திட்டம் பொதுவாகச் சரியாக வரும். காலை உணவை நிதானமாகப் பத்து மணிக்கு முடித்தால் மதியம் பழம், பிஸ்கட் போதும். ஆனால் அந்தத் திட்டத்தில் இரவு உணவோடு குடிக்கும் தண்ணீருக்குக்கூடத் தனிக் கணக்கு போடும் இடங்கள் உண்டு. "சாப்பாட்டோடு தண்ணீர் அடக்கமா?" என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

சைவம் என்றால் பதிவு செய்யும்போதே சொல்லுங்கள், வந்திறங்கிச் சொல்வது தாமதம். தீவுக்குக் காய்கறி படகில் வருகிறது. முன்கூட்டித் தெரிந்தால் சமையல்காரர் வரவழைத்து வைப்பார். முட்டை, மீன் சாறு, ஜெலட்டின் சேர்க்கலாமா என்பதையும் தனித்தனியாக எழுதுங்கள். 'சைவம்' என்ற ஒரு சொல்லுக்கு ஒவ்வொரு சமையலறையிலும் ஒரு பொருள்.

7. முழுக் கணக்கு

விலையின் பக்கத்தில் ++ என்று இரண்டு கூட்டல் குறி இருந்தால் அங்கேயே நின்றுவிடுங்கள். முதல் குறி 10 சதவீத சேவைக் கட்டணம். இரண்டாவது சுற்றுலாப் பொருள் சேவை வரி, 2025 ஜூலை முதல் 17 சதவீதம். வரியைச் சேவைக் கட்டணம் சேர்ந்த தொகைமேல் போடுகிறார்கள். அதனால் 27 அல்ல, 28.7 சதவீதம் ஏறும்.

இதோடு பசுமை வரி. ரிசார்ட்டில் ஒருவருக்கு ஓர் இரவுக்கு 12 டாலர். 2025 ஜனவரியில் 6 டாலரிலிருந்து இரட்டிப்பாக்கினார்கள். இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்குக் கிடையாது.

கணவன் மனைவி இருவர், ஐந்து இரவு என்று ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். அறை இரவுக்கு 500++ டாலர். மனதில் பதிவது 2500. வரி, சேவைக் கட்டணம் சேர்ந்ததும் 3217.50. காலை, இரவு உணவு ஒருவருக்கு நாளுக்கு 90++ என்றால் 1158.30. பசுமை வரி 120. கடல் விமானம் இருவருக்கும் 1000 என்று வைத்தால், மொத்தம் 5495.80 டாலர். படத்தைப் பார்த்து மனதில் போட்ட தொகையைப் போல இரண்டு மடங்குக்கும் மேல்.

ரிசார்ட்டை யாரும் இங்கே குறை சொல்ல முடியாது, எல்லாம் எழுதித்தான் இருக்கும். ஆனால் வெவ்வேறு இடங்களில் எழுதியிருக்கும். அதனால் பணம் கட்டும் முன் ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள்: "இத்தனை பேர், இத்தனை இரவு, அறை, உணவு, போக்குவரத்து, எல்லா வரியும் சேர்த்துக் கடைசித் தொகை என்ன?" ஒரே எண்ணாகப் பதில் வரும்வரை கட்ட வேண்டாம். இரண்டு தீவுகளை ஒப்பிடுவதும் இந்தக் கடைசி எண்ணை வைத்துத்தான். அறை விலை 80 டாலர் அதிகமான, ஸ்பீட் படகில் போகும் தீவு, முடிவில் மலிவாக வருவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

புதுமணத் தம்பதி என்றால் திருமணச் சான்றிதழை இணைத்து அனுப்புங்கள். ஆறு மாதம், ஒரு வருடத்துக்குள் திருமணம் ஆனவர்களுக்குச் சலுகை தரும் இடங்கள் நிறைய. கல்யாணப் பத்திரிகை போதாது, பதிவுச் சான்றிதழ் கேட்பார்கள்.

8. இப்போது விமான டிக்கெட்

மேலே உள்ளவை முடிந்த பிறகே இது. பெங்களூரு, கொச்சி வழியாகவோ கொழும்பு வழியாகவோ போகலாம். திருவனந்தபுரத்திலிருந்து நேராகப் போனால் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல்தான், குமரி, நெல்லைக்காரர்கள் முதலில் அதைப் பாருங்கள். சேவை நாட்கள் மாறிக்கொண்டே இருக்கும் என்பதால் உங்கள் தேதிக்குச் சரிபாருங்கள்.

டிக்கெட்டில் மாலத்தீவுப் புறப்பாட்டு வரியும் விமான நிலைய மேம்பாட்டுக் கட்டணமும் அடக்கம். சாதாரண வகுப்பில் இரண்டும் தலா 50 டாலர். எகானமி டிக்கெட் ஏன் இவ்வளவு என்று தோன்றினால் காரணம் இதுவே.

9. கிளம்பும் வாரம்

இமுகா என்ற பயணிப் படிவத்தை இணையத்தில் நிரப்ப வேண்டும். பயணத்துக்கு முன் 96 மணி நேரத்துக்குள்தான் நிரப்ப முடியும். போகும்போது ஒன்று, திரும்பும்போது ஒன்று. இது இலவசம். தேடுபொறியில் முதலில் வரும் தளங்களில் சில இதற்குக் காசு கேட்பவை. மாலத்தீவுக் குடிவரவுத் துறையின் சொந்தத் தளத்தில் மட்டும் நிரப்புங்கள். காசு கேட்டால் தளம் தவறு என்று பொருள்.

பெட்டியில் என்ன வைக்கக்கூடாது என்பது நம்மவர்களுக்கு முக்கியம். மதுபானம், பன்றி இறைச்சி கூடாது. வழியில் விமான நிலையக் கடையில் வாங்கிய பாட்டிலும் அங்கே சுங்கத்தில் நின்றுவிடும். மின்சிகரெட்டுக்கு 2024 இறுதியிலிருந்து முழுத் தடை. வழிபாட்டுக்கான விக்கிரகங்களையும் உள்ளே விடுவதில்லை. பையில் எப்போதும் ஒரு சின்னப் பிள்ளையார் வைத்திருக்கும் வழக்கம் உள்ளவர்கள் அவரை வீட்டுப் பூஜை அறையிலேயே விட்டுவிட்டு வாருங்கள். சுங்கத்தில் ஒரு பாட்டி தன் விக்கிரகத்தைக் கொடுத்துவிட்டுக் கலங்கி நின்றதைப் பார்த்தேன், அந்த வேதனை வேறு யாருக்கும் வேண்டாம்.

எடுத்துப்போக வேண்டியவை: முழுக்கை நீச்சல் சட்டை, சொந்தமாக ஒரு முகமூடி, பவளத்துக்குக் கேடு செய்யாத சன்ஸ்கிரீன், பெரிய சதுர முனை மூன்று பின் பிளக்குக்கு மாற்றி. வழக்கமாகச் சாப்பிடும் மருந்துகளை மருத்துவர் சீட்டோடு கைப்பையில் வையுங்கள்.

10. இறங்கும் நாள்

வெளியே வந்ததும் ரிசார்ட்டின் பெயர்ப் பலகை பிடித்து ஆள் நிற்பார். கடல் விமானம் என்றால் பெட்டியை எடை போட்டு, பேருந்தில் கடல் விமான முனையத்துக்குக் கூட்டிப்போவார்கள். அங்கே காத்திருப்பு ஒரு மணி நேரமும் ஆகலாம், இரண்டும் ஆகலாம். ஒரே விமானம் இரண்டு மூன்று தீவுகளில் இறக்கிவிட்டுப் போகும் என்பதால் நேரத்தை முன்கூட்டி உறுதி சொல்ல மாட்டார்கள்.

விமானத்தில் இருக்கை எண் கிடையாது. விமானிகள் வெறுங்காலில் ஏறி உட்காருவார்கள். என்ஜின் சத்தம் பலமாக இருக்கும், கொடுக்கிற காதடைப்பானை வாங்கிக்கொள்ளுங்கள். கழிப்பறை கிடையாது, முனையத்திலேயே முடித்துக்கொள்ளுங்கள். கடலுக்கு நடுவே மிதக்கும் ஒரு பலகை மேடையில் இறக்கிவிடுவதும் உண்டு. அங்கிருந்து படகு வரும். அந்தப் படகின் பெயர் தோணி. அவர்கள் மொழியிலும் அதே சொல்தான்.

தீவில் இறங்கியதும் கடிகாரத்தைச் சரிபாருங்கள். மாலே நேரம் இந்திய நேரத்துக்கு அரை மணி பின்னால். ஆனால் பல ரிசார்ட்டுகள் பகல் வெளிச்சம் நீள, மாலேவைவிட ஒரு மணி முன்னதாகத் தங்களுக்கென்று ஒரு நேரம் வைத்திருக்கின்றன. போன் மாலே நேரத்தைக் காட்டும், படகு தீவு நேரத்தில் கிளம்பும்.

11. தண்ணீரில்

முதல் நாள் நேராக ஆழத்துக்குப் போகாதீர்கள். தண்ணீர் விளையாட்டு மையத்துக்குப் போய் இன்று நீரோட்டம் எந்தப் பக்கம், எங்கே இறங்கி எங்கே ஏறுவது என்று கேளுங்கள். அலை இல்லாததால் கடல் அமைதி என்று தோன்றும், அடியில் ஓட்டம் இழுக்கும். நீச்சல் தெரிந்தவரும் முதல் முறை உயிர்காப்புச் சட்டை போட்டு இறங்குங்கள். மிதக்கும் கவலை இல்லாவிட்டால்தான் கண் மீனைப் பார்க்கும்.

பவளத்தின்மேல் நிற்கக்கூடாது. அது உயிர், ஒரு மிதியில் பல வருட வளர்ச்சி நொறுங்கும். காலிலும் ஆழமாகக் கிழிக்கும்.

டைட்டன் டிரிகர் மீனைத் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். முழங்கை நீளம், தடித்த உடம்பு, பெரிய பல். மணலில் முட்டையிட்டிருக்கும் காலத்தில் நெருங்குபவரைத் துரத்திக் கடிக்கும். அது தன் இடமாக நினைப்பது கூட்டின் மேலே விரிந்துகொண்டே போகும் புனல் போன்ற பகுதி. மேலே எழும்பினால் இன்னும் அதன் எல்லைக்குள்தான் இருப்பீர்கள். மல்லாந்து, துடுப்புக் காலை அதன் பக்கம் நீட்டியபடி பக்கவாட்டில் நீந்தி விலகுங்கள்.

ஹனிஃபாருவில் ஸ்கூபாவுக்கு அனுமதி இல்லை, மேலே மிதந்து பார்ப்பது மட்டும்தான். மற்ற இடங்களில் ஸ்கூபா செய்தால், கடைசி முக்குளிப்புக்கும் விமானத்துக்கும் நடுவே 18 மணி நேரமாவது விடுங்கள். நான் ஒரு முழு நாளே விடுவேன்.

12. திரும்பும் நாள்

கடல் விமானம் எத்தனை மணிக்கு என்பது முந்தைய நாள் மாலைதான் தெரியும். சில நேரம் உங்கள் பெரிய விமானத்துக்கு ஐந்தாறு மணி நேரம் முன்பே கிளப்பிவிடுவார்கள். அந்த இடைவெளியைக் கணக்கில் வையுங்கள்.

முந்தைய இரவே வரவேற்பறையில் கணக்குச் சீட்டை வாங்கி வரிவரியாகப் பாருங்கள். காலையில் படகு காத்திருக்கும்போது பார்க்க நேரம் இருக்காது. தண்ணீர் பாட்டில், ரத்தான படகுச் சவாரி, குளிர்பெட்டியிலிருந்து எடுக்காத பானம், இவை மூன்றிலும்தான் நான் தவறு பார்த்திருக்கிறேன். அமைதியாகக் கேட்டால் உடனே திருத்தித் தருவார்கள்.

குழந்தைகளின் பைகளையும் ஒருமுறை பிரித்துப் பாருங்கள். மணல், சிப்பி, பவளத்துண்டு எதையும் நாட்டைவிட்டு எடுத்துப்போக அனுமதி இல்லை. என் மகள் சேர்த்துவைத்த சிப்பிகளைக் கிளம்பும் காலையில் நாங்கள் இருவருமாகக் கொண்டுபோய் அலை தொடும் இடத்தில் வைத்தோம். பத்து நிமிடத்தில் ஒரு துறவி நண்டு வந்து அதில் ஒன்றைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தது.